மூன்று இடத்தில் பிடித்த படகு

நூருன்னிசா கொடுத்த அட்டைக் கட்டைக் கம்ப்யூட்டர் ஐந்தாவது முறையாகத் திருப்பி அனுப்பியது.

மொத்தம் ஆயிரத்து எண்ணூறு துளை அட்டைகள். அத்தனைக்குள்ளும் ஒரே ஒரு படகு இருந்தது. இருபத்தெட்டு அடி நீளமுள்ள பைபர் போட். அதை அவள் காகிதத்தில் முழ அகலச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களின் மூலைகளுக்கெல்லாம் எண் கொடுத்திருந்தாள். அந்த மூலைகளைக் கணு என்பார்கள். அலையின் முதுகில் ஏறிய படகு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் தொப்பென்று விழும்போது மூக்கை ஒட்டிய அடிவயிற்றில் அடி விழும். அந்த அடியில் படகு எங்கே வளையும், எங்கே கிழியும் என்பதுதான் அவள் கேட்ட கேள்வி. காலையில் கம்ப்யூட்டர் அறை ஜன்னலில் அட்டைகளைக் கொடுத்தால் மறுநாள் மதியம் பச்சைக்கோடு போட்ட அகலக் காகிதத்தில் பதில் வரும். இந்தமுறையும் ஒற்றை வரிதான் வந்திருந்தது. இந்தப் பொருள் எங்கேயும் பிடிக்கப்படவில்லை, தள்ளினால் மொத்தமாக நகர்ந்துவிடும், கணக்குப் போட இயலாது.

1985ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். மெட்ராஸில் ஒரு பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் மூன்றாவது வருஷ ஆராய்ச்சி மாணவி. பழவேற்காட்டிலிருந்து இந்தப் படிப்புக்கு வந்த முதல் பெண். அவளுடைய வாப்பா அப்துல் ஷுக்கூர் பொன்னேரியிலிருந்து ஐஸ் கொண்டுவந்து மீன்காரர்களுக்குக் கொடுப்பவர். பிறந்ததிலிருந்து படகுகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மெஷின் சொன்னது ஆச்சரியமாக இல்லை. பாலத்துக்குத் தூண் இருக்கிறது, வீட்டுக்கு அஸ்திவாரம் இருக்கிறது. கடலில் போகும் படகுக்கு என்ன இருக்கிறது? அடித்தால் அது போகத்தான் செய்யும்.

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் தருமலிங்கம் காகிதத்தை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். தப்பான ஆள் இல்லை. நான்கு கம்பெனிகளின் வேலையை ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தூக்கமில்லாமல் திரிந்தவர். படகு கட்டும் கொட்டகையில் முட்டுக்கொடுத்து நிறுத்துவதில்லையா, அதே மாதிரி அடியில் மூன்று கணுவைப் பிடித்துவிடு என்றார். மூக்குப் பக்கம் இரண்டு, பின்னால் ஒன்று. மெஷினுக்கு ஒரு பிடிமானம் வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அவளுக்கு எங்கோ உறுத்தியது. ஆனால் ஐந்து முறை தோற்றுப்போனவளுக்கு அந்த உறுத்தலை நின்று கேட்கப் பொறுமை இல்லை. மூன்று அட்டைகளில் மட்டும் புதிதாகத் துளை போட்டுக் கட்டோடு சேர்த்தாள். மறுநாள் மதியம் எழுபது பக்கம் பதில் வந்தது. எல்லாக் கணுவிலும் எல்லாச் சதுரத்திலும் எண்கள். எந்த இடத்திலும் ஆபத்து இல்லை. படகு, விழுகிற அடியைப் போல மூன்று பங்கு தாங்கும். படகு கட்டும் கம்பெனிக்கு அறிக்கை எழுதினார்கள். கடைசிப் பக்கத்தில் தருமலிங்கத்தின் கையெழுத்துக்குக் கீழே அவளுடைய கையெழுத்தும் இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது ஜெயம்மா அவளைப் பார்க்க வந்தாள். எட்டாம் வகுப்பு வரைக்கும் இருவரும் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு ஜெயம்மா ஏரிக்கு அந்தப்புறம் கடலோரத்து லைட்ஹவுஸ் குப்பத்தில் கங்காதரனுக்கு வாழ்க்கைப்பட்டு மீன்கூடை தூக்கப் போய்விட்டாள். கணக்கில் அப்போது நூருன்னிசாவைவிட அவள்தான் கெட்டி. பாயாசத்தைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"நூரு, அந்த பைபர் போட்டுக்குக் கணக்கு போட்டது நீதானாமே, பாய் சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு வாங்கியே தீருவேன்னு நிக்கிறாரு. கட்டுமரத்துல போறப்போ எனக்கு பயமில்லடி. இது வேற சாமான். உன் வாயால சொல்லு, தாங்குமா?"

"மூணு பங்கு தாங்கும். பயப்படாம வாங்கச் சொல்லு."

ஜூலையில் ஏழு படகுகள் காசிமேட்டிலிருந்து கடல்வழியாகவே குப்பத்துக்கு வந்து சேர்ந்தன. நீலத்தில் மஞ்சள் பட்டை. பின்பக்கத்தில் டீசல் இஞ்சின், அதற்கு முன்னால் அடித்தளத்தில் மீன் அறை. கட்டுமரக்காரர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முதல் மாதம் நல்ல மீன்பாடு. ஐஸ் போதவில்லை என்று அப்துல் ஷுக்கூர் இரண்டு நடை போய்வந்தார்.

செப்டம்பரில் நூருன்னிசா தன்னுடைய ஆய்வேட்டை எழுத உட்கார்ந்தாள். படகுக் கணக்கையும் அதில் ஓர் அத்தியாயமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. எழுபது பக்கக் காகிதத்தை விரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை கூட்டிப்பார்த்தாள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், பிடித்துவைத்த மூன்று கணுக்களில் எவ்வளவு விசை என்று மெஷின் தானாகவே அச்சிட்டிருந்தது. பிப்ரவரியில் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

மூக்குப் பக்கத்துக் கணுக்கள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து டன்னைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தன. கடல் அடித்த மொத்த அடியும் ஐந்து டன்தான்.

அந்த எண்களை அவள் பென்சிலால் வட்டமிட்டாள். அடி விழுந்த இடத்திலேயே இரண்டு கைகள் குறுக்கே வந்து அதை வாங்கிக்கொண்டிருக்கின்றன. இஞ்சினுக்கோ மீன் அறைக்கோ அந்த அடி போய்ச்சேரவே இல்லை. போய்ச்சேராத அடியில் எது உடையும்? கடலில் அந்தக் கைகள் எங்கே இருக்கின்றன? அதைவிடப் பெரிய ஒன்று அப்புறம்தான் தோன்றியது. படகை ஓர் இடத்தில் பிடித்துவிட்டதால் அதன் எடை கணக்குக்குள்ளேயே வரவில்லை. இருநூற்றைம்பது கிலோ இஞ்சின், ஐஸ், வலை, ஆறு ஆட்கள், எதுவும் அந்த ஆயிரத்து எண்ணூறு அட்டைகளில் இல்லை. அவள் கணக்குப் போட்டது ஒரு காலிப் படகுக்கு. அதுவும் ஓடாத படகு.

எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடி விழுந்ததும் படகு மொத்தமாக மேலே எகிறும், மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பும். அந்த வேகமாற்றம் எவ்வளவு என்று முதலில் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எகிறலுக்கு ஒவ்வொரு எடையும், தான் இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு, 'வரமாட்டேன்' என்று முரண்டு பிடிக்கும். இஞ்சின் அதிகமாகப் பிடிக்கும், வலை கொஞ்சமாகப் பிடிக்கும். அந்த முரண்டையெல்லாம் எதிர்விசையாகக் கணுக்களில் ஏற்றிவிட்டால், கடலின் அடியும் இந்த முரண்டுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். அதன்பிறகு மெஷினின் திருப்திக்காக மூன்று கணுவைப் பிடித்தாலும் அந்தப் பிடியில் ஒன்றும் இருக்காது. இருந்தால் கணக்கு தப்பு.

இருபது நாள் ஆயிற்று. எந்த எடை எங்கே இருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, கண்ணால் பார்த்ததுதான். இரண்டு விதமாகப் போட்டாள். ஐஸையும் வலையையும் மூக்குப் பக்கம் வைத்து ஒன்று, இஞ்சினை ஒட்டிப் பின்னால் வைத்து ஒன்று. அக்டோபர் முதல் வாரத்தில் பதில் வந்தது. அவள் நேராகக் கடைசிக்கு முந்தின பக்கத்தைத்தான் புரட்டினாள். மூன்று கணுவிலும் பூஜ்யத்தை ஒட்டிய எண்கள். யாருமே படகைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பிறகுதான் தைரியம் வந்து முன்பக்கங்களைப் பார்த்தாள்.

மீன் அறை வைப்பதற்காகப் படகின் அடியில் ஓடும் நீளக்கட்டையை இஞ்சினுக்கு முன்னால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய மூலையில்தான் எல்லா இழுப்பும் போய்ச் சேர்ந்திருந்தது. எடை முன்னால் இருந்தால், தாங்கக்கூடியதில் முக்கால் பங்கு. எடை பின்னால் இருந்தால், தாங்கக்கூடியதைப் போல ஒன்றேகால் பங்கு. ஒரே அடியில் உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை. கீறல் விழும். அப்புறம் ஒவ்வோர் அலைக்கும் அது ஒரு நூல் நீளும்.

தருமலிங்கம் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கம்பெனிக்குக் கடிதம் போடலாம் என்றார். போட்டார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஏழு படகுகளும் நன்றாக ஓடுகின்றன, எந்தப் புகாரும் இல்லை. இந்த மாதம் கம்பெனியின் மெக்கானிக் நேரில் போய், மூக்கு எழும்பினால் டீசல் மிச்சமாகும் என்று வலையையும் ஐஸையும் பின்னால் மாற்றி அடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைப் படித்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. காகிதக் கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறினாள்.

வாப்பாவிடம் முழுதும் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பேப்பர்ல உன் பேரு இருக்குதா?"

"இருக்கு வாப்பா."

"அப்ப காலையில போயி சொல்லிரு. நானும் வர்றேன்."

மறுநாள் ஏரியைத் தாண்டி அவர்கள் குப்பத்துக்குப் போனபோது மணி பத்து இருக்கும். ஐப்பசி மாதத்து வாடைக்காற்று பிடித்திருந்தது. வானம் மூடிக்கொள்ளவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. கடல் சாம்பல் நிறத்தில் கலங்கி, கரையிலிருந்து நூறு பாகத் தூரத்துக்கு அப்பால் மணல்திட்டின் மேல் வரிசையாக உடைந்துகொண்டிருந்தது. காற்று சரியில்லை என்று ஆறு படகுகளை மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள். ஏழாவது கங்காதரனுடையது. அது மட்டும் கடலில் இருந்தது.

படகுக்காரர்களில் பேச்சுக்கு முன்னால் நிற்பவர் லோகநாதன். தடித்த ஆள், குரலும் அப்படி. நூருன்னிசா சொன்னதை அவர் பாதிதான் கேட்டார். கேட்ட பாதியும் பிடிக்கவில்லை. ஆனாலும் பாய் கூட வந்திருக்கிறாரே என்பதற்காகத் தன் படகின் அடிப்பலகையைத் தூக்கிக் காட்டினார். டீசல் மிதக்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, வெட்டிய மூலையை அவள் முந்தானையால் துடைத்தாள். சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடுகள் நாலைந்து மூலையிலிருந்து கிளம்பிப் பக்கவாட்டில் ஏறின.

"பெயிண்டு வெடிச்சிகீதும்மா. வெயில்ல கெடந்தா வெடிக்காம இன்னா பண்ணும்?"

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துச் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்தது. கோடு போகவில்லை. கத்தி முனையை வைத்து அழுத்தினார். முனை அரை விரல் உள்ளே போயிற்று. அதை அவர் உடனே வெளியே எடுக்கவில்லை. அப்படியே பிடித்தபடி குந்தியிருந்தார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொரு படகாகப் போய்ப் பலகையைத் தூக்கினார்கள். ஆறிலும் அதே மூலை. ஒன்றில் கோடு ஒரு முழ நீளம் ஓடியிருந்தது.

ஜெயம்மா கருவாடு காயவைத்த இடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு நூருன்னிசாவிடம் வந்து நின்றாள்.

"நான் உன்கிட்ட சொன்னது தப்பு ஜெயா. மூணு பங்கு இல்ல. ஒரு பங்குகூட இல்ல."

ஜெயம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. அவள் கேட்டது எடை எங்கே இருந்தால் என்ன ஆகும் என்று. நூருன்னிசா சொன்னாள். ஜெயம்மா கடலைப் பார்த்தாள்.

"இத்தினி நாளு அவரு மட்டும் வலையை மூக்குலதான் போட்டுக்கினு போனாரு. கட்டுமரத்துப் பழக்கம், மாத்த மாட்டேன்னாரு. எல்லாரும் கேலி பண்ணாங்கன்னு நேத்துதான் பின்னால அடுக்குனாரு."

பச்சைமுத்து என்பவனிடம் கட்டுமரம் தயாராக இருந்தது. அவன் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல் வந்தது. நூருன்னிசாவின் கணக்குப்படி வலையையும் மீனையும் மூக்குக்குத் தள்ள வேண்டும். அதைச் சொன்னதும் லோகநாதன் தலையை ஆட்டினார். கரைக்கு வரும்போது அலை பின்னாலிருந்து தள்ளும், மூக்கு பாரமாக இருந்தால் படகு மூக்கைக் குத்திக்கொண்டு கவிழும், உன் பேப்பரில் அது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவளுடைய படகு ஒரே ஓர் அடியை வாங்கியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவளுடைய காகிதத்தில் கடல் கிடையாது. அதை ஒப்புக்கொண்டபோது அவர் அவளை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். கடைசியில் முடிவான சேதி இதுதான். திட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, ஆட்கள் எல்லாரும் கட்டுமரத்தில் ஏறி வந்துவிடுங்கள். படகு கிடக்கட்டும்.

மூன்று கட்டுமரங்கள் போயின. ஒன்று அலையில் புரண்டு திரும்பி வந்துவிட்டது. இரண்டு தாண்டின.

காத்திருந்தார்கள். மழை வரும் என்று யாரோ சொன்னார்கள், வரவில்லை. பெண்கள் கருவாட்டை அள்ளி உள்ளே கொண்டுபோனார்கள். மனோரமா என்ற பெண் வயிற்றுப்பிள்ளைக்காரி, ஆறு மாதம் இருக்கும், ஜெயம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் தசரதன்தான் கங்காதரனின் படகில் இஞ்சின் ஓட்டுபவன். என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெளிவாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அப்துல் ஷுக்கூர் மட்டும் மெல்ல இரண்டு வார்த்தை சொன்னார்.

மூன்று மணிக்கு மேல் நீலப் படகு தெரிந்தது. கட்டுமரங்கள் அதை ஒட்டிப் போவதும் தெரிந்தது. ஆட்கள் இறங்குவதை ஜெயம்மா விரல்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதோடு நின்றுவிட்டது. கட்டுமரங்கள் விலகின. படகு நங்கூரம் போடவில்லை.

பிறகு பச்சைமுத்து சொல்லித்தான் அங்கே நடந்தது தெரிந்தது. கங்காதரன் முழுதும் கேட்டான், சிரிக்கவில்லை, நம்பாமலும் இல்லை. ஆனால் இந்தக் காற்றில் நங்கூரம் நிற்காது, விட்டால் படகு ராத்திரிக்குள் திட்டில் மோதி நாசமாகும், நாலு பேர் பாரம் குறைந்தால் தாங்கும், நான் கொண்டுவந்துவிடுகிறேன் என்றான். இஞ்சினுக்கு ஓர் ஆள் வேண்டும். தசரதன் தானாகவே இருந்துவிட்டான்.

நாலு பேர் இறங்கியது சரிதான். ஆனால் அந்த நாலு பேரும் உட்கார்ந்திருந்தது மூக்குப் பக்கத்தில்.

படகு திட்டை நோக்கி வந்தது. கங்காதரன் கெட்டிக்காரன், அலை பார்த்து வந்தான். முதல் வரிசையைத் தாண்டினான். இரண்டாவதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். கரையில் ஒருவர் நல்லா வர்றான் என்றார். அந்த நேரம் அலை படகுக்கு அடியிலிருந்து நழுவிக்கொண்டது. படகு இறங்கி, மூக்கின் அடி திட்டில் இடித்தது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம், காற்றில் பாதி போய்விட்டது. மூக்கு மேலே எகிறியது. இஞ்சின் எகிறவில்லை. படகு நடுவில், மீன் அறைக்குப் பின்னால், புத்தகம் மூடுவதைப் போல மடிந்து, அடுத்த அலையில் இரண்டாகப் பிரிந்தது.

முன்பாதி மிதந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கங்காதரன் கரை சேர்ந்தான், தோள் இறங்கி, முகமெல்லாம் ரத்தமாக. பின்பாதி இஞ்சினோடு நேராகக் கீழே போயிற்று. லோகநாதனும் ஏழெட்டுப் பேரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இருட்டும்வரை முங்கிப் பார்த்தார்கள். தசரதன் மறுநாள் சாயங்காலம் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒதுங்கினான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நூருன்னிசா மனோரமாவின் வீட்டுக்குப் போனாள். போகாதே என்று சொன்னவர்கள் உண்டு. மனோரமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இந்தத் தப்பு உனக்கு எப்போ தெரியும்?"

"சந்தேகம் வந்தது புரட்டாசியில. நிச்சயமாத் தெரிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. கம்பெனிக்குக் கடுதாசி போட்டுட்டு பதிலுக்கு உக்காந்திருந்தேன். நேரா இங்க வந்திருக்கணும்."

மனோரமா தலையைத் திருப்பிக்கொண்டாள். போ என்று சொல்லவில்லை. நூருன்னிசா ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் கம்பெனிக்காரர்கள் அளவுக்கு மீறிய பாரம் என்றார்கள். புயல்காற்றில் ஓட்டியது என்றார்கள். அவர்கள் கையில் அறிக்கை இருந்தது, மூன்று பங்கு தாங்கும் என்று. நூருன்னிசா அதே அறிக்கையின் மேல், நான் போட்ட இந்தக் கணக்கு தவறு, காரணம் இன்னது என்று நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தருமலிங்கம் அவளைத் தடுக்கவில்லை. அதில் கையெழுத்தும் போடவில்லை. அவர் மேஜையில் அந்த நான்கு பக்கத்தை ஒருநாள் முழுக்க வைத்திருந்து, மறுநாள் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்தார். அவளுடைய ஆய்வேடு அந்த வருஷம் முடியவில்லை. அதற்கடுத்த வருஷமும் முடியவில்லை.

டிசம்பரில் கம்பெனி ஆட்கள் வந்து மற்ற ஆறு படகுகளையும் பலப்படுத்தித் தருவதாகச் சொல்லி இழுத்துக்கொண்டு போனார்கள். பொங்கலுக்குப் பிறகு திரும்பி வந்தவை அந்தப் படகுகள் இல்லை, வேறு சாதிப் படகுகள், சின்னவை, மீன் அறை இல்லாதவை. குப்பத்தில் யாரும் அதைப்பற்றிக் கேள்வி கேட்கவில்லை. அந்தப் படகுகளை மறுபடியும் கண்ணால் பார்க்க யாருக்கும் ஆசை இல்லை.

மாசி மாதத்தில் பச்சைமுத்து வடக்கே ஆந்திரக் கரைக்கு வலை வாங்கப் போனான். திரும்பி வந்தவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் லோகநாதனிடம் போனான். அங்கே ஒரு குப்பத்தில் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு படகு நிற்கிறது. அதன் வலது விளிம்பில் ஓர் இரும்பு வளையம். லோகநாதன் கேட்டு அவனே பொருத்திக்கொடுத்த வளையம். ஆள் இல்லாத நேரம் பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். மூலையில் பெயிண்ட் தடிமனாக இருந்தது, அவ்வளவுதான். பலப்படுத்துவதாகச் சொன்ன கம்பெனி, பெயிண்ட் அடித்து விற்றதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

கம்பெனிக்கு எழுதிப் பதிலுக்கு உட்கார இந்தமுறை நூருன்னிசாவுக்கு மனசு வரவில்லை. அவள் தெலுங்கு பேச மாட்டாள். ஜெயம்மா பேசுவாள். கங்காதரனின் வலது தோள் அதற்குப் பிறகு மேலே தூக்க வரவில்லை, அவன் கரையிலேயே வலை பின்னிக்கொண்டிருந்தான். நீ போய்ட்டு வா, நான் சோறாக்கிக்கறேன் என்றான். இரண்டு பெண்களும் துணிப்பையில் அந்தக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

வளையம் போட்ட படகை முதல்நாளே கண்டுபிடித்தார்கள். அதன் சொந்தக்காரர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. ஜெயம்மா தன் ஊரில் நடந்ததைச் சொன்னாள், கத்தியால் சுரண்டச் சொன்னாள். அவர் சுரண்டினார். இரண்டாவது படகு அடுத்த குப்பத்தில், சிவப்பு பெயிண்டில். மூன்றாவதுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. நான்காவது படகுக்காரன் இவர்களைத் துரத்தினான், போட்டி வியாபாரி அனுப்பிய ஆட்கள் என்று நினைத்தான். ஜெயம்மா படகின் முன்னால் மணலில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் படகை அன்றைக்குக் கடலில் தள்ள முடியவில்லை. சாயங்காலம் அவனுடைய அம்மாவே வந்து பலகையைத் தூக்கினாள். உள்ளே கீறல் இரண்டு முழம்.

மீதி இரண்டு.

சித்திரை பிறந்தது, தென்றல் போய்ச் சோளகக்காற்று வந்தது. வாரக்கடைசி தோறும் அவர்கள் போனார்கள். நூருன்னிசா பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தாள், விடுமுறை நாளெல்லாம் இதற்கே போயிற்று. குப்பம் குப்பமாக நடந்து, நீளக்கட்டை வெட்டிய மூலையை மணலில் விரலால் வரைந்து காட்டுவாள். ஜெயம்மா பேசுவாள். பெயிண்ட் என்ன நிறமாகவும் இருக்கலாம் என்பதால் நிறத்தைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. மீன் அறை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

வைகாசியில் ஒருநாள், அதுவரை அவர்கள் போனதிலேயே வடகோடியில் இருந்த குப்பத்தில், வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அப்படி ஒரு படகு போன வாரம் வரைக்கும் இங்கேதான் இருந்தது என்றாள். நல்ல படகு, வேகமாகப் போகும். வடக்கத்தி ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எந்த ஊர் என்று ஜெயம்மா கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு ஆட்கள் ஏறினார்கள், பாரத்தையெல்லாம் பின்னால் போட்டுக்கொண்டார்கள், மூக்கு நன்றாக எழும்பியது என்றாள். கையை நீட்டிக் கரையைக் காட்டினாள். கரை நேராக, வளைவே இல்லாமல், கண் போகிற தூரம் வரைக்கும் கிடந்தது. கடலில் பத்துப் பதினைந்து படகுகள் இருந்தன. அத்தனை தூரத்தில் எது எந்தப் படகு என்று தெரியவில்லை.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அடுத்த குப்பம் எவ்வளவு தூரம் என்று நூருன்னிசா கேட்கச் சொன்னாள். ஜெயம்மா கேட்டாள். நடக்கிற தூரம்தான் என்று பதில் வந்தது. இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் வடக்கே நடந்தார்கள்.